கணனிக்குள் ஒரு கணனி: கற்கத் தொடங்கும் பிள்ளை எதைத் தெரிவு செய்வது?

எமது வீடுகளில் பெரும்பாலும் கணனி ஒன்றுதான் இருக்கும். வாப்பாவின் கடைக் கணக்கும், நானாவின் வேலை விண்ணப்பங்களும், தம்பியின் பாடசாலைச் செயற்றிட்டமும், ராத்தாவின் நிகாஹ் புகைப்படங்களும் அந்த ஒரே வன்தட்டில்தான் கிடக்கின்றன. ஆகவே கணனித் துறையைக் கற்க ஆசைப்படும் மகளுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "கண்டதையும் போட்டுப் பழுதாக்கிவிடாதே" என்பதுதான். உம்மா அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு பணிசெயல் முறைமையை நீக்கி இன்னொன்றை நிறுவிப் பழகும்போது, கவனம் சற்றுத் தவறினால் வீட்டார் எல்லோருடைய கோப்புகளும் அழிந்து போகும். ஆனால் நிறுவிப் பார்க்காமல், குழப்பிப் பார்க்காமல், குழம்பியதைத் தன் கையால் திருத்திப் பார்க்காமல் இந்தத் துறையை எவரும் கற்றுக்கொண்டதும் இல்லை.

இந்த இக்கட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர். வீட்டுக் கணனிக்கு உள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கணனியை உண்டாக்கி, பரீட்சார்த்தங்களை எல்லாம் அதனுள் செய்து பார்ப்பதே இம்முறை. இதற்குரிய மென்பொருள்கள் பல உண்டு. அவற்றுள் எதைக் கொண்டு தொடங்குவது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், மற்றொருவர் அது பழையது என்பார், மூன்றாமவர் பணம் கட்டி வகுப்பில் சேரச் சொல்வார். ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அனெக்ஸ் வீடு போல

வீட்டின் ஒரு பக்கத்தைச் சுவர் வைத்துத் தடுத்து அனெக்ஸ் என்று வாடகைக்கு விடுவதை நாம் அறிவோம். அதற்குத் தனி வாசல், தனிச் சமையலறை எல்லாம் இருக்கும். குடியிருப்பவர் தம் பக்கத்தில் எதனை மாற்றி வைத்தாலும் வீட்டுக்காரரின் மண்டபம் குழம்பாது. ஆனால் நிலமும் கூரையும் வீட்டுக்காரருடையவை. அவர் ஒதுக்கிக் கொடுத்த இடத்துக்குள்தான் மற்றவர் வாழ முடியும்.

மெய்நிகர்க் கணனியும் இப்படித்தான். உண்மையான கணனியை விருந்தளிக்கும் கணனி என்றும், உள்ளே உருவாகும் கணனியை விருந்தாளிக் கணனி என்றும் சொல்வார்கள். விருந்தாளிக்கு எவ்வளவு ரெம் நினைவகம், வன்தட்டில் எவ்வளவு இடம் என்று நாமே அளந்து கொடுக்கிறோம். இடையில் நின்று பங்கிட்டுக் கொடுத்து, ஒருவரின் எல்லைக்குள் மற்றவர் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

ஹைப்பர்வைசர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வின்டோஸ் போன்ற முறைமை இருக்கும் கணனியில் ஏனைய மென்பொருள்களைப் போலவே நிறுவப்படுவது. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டில் அனெக்ஸ் கட்டுவது போன்றது இது. மற்றது, கணனியின் வன்பொருள் மீது நேரடியாக அமர்வது. இது வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்ட தொடர்மாடியைப் போன்றது. பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் இரண்டாவது வகையைத்தான் பாவிக்கின்றன. வீட்டில் கற்பவருக்கு முதல் வகையே பொருத்தம்.

இக்கலை வந்த வழி

இது நேற்று முளைத்த தொழினுட்பம் அன்று. 1960களில் ஐ.பீ.எம். நிறுவனத்தார், பெரும் விலையுள்ள ஒரு கணனியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிப்பதற்காக இந்த எண்ணத்தை உருவாக்கினர். 1972 இல் வீ.எம்./370 என்ற பெயரில் அதை வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தனர். மேசைக் கணனிகளுக்கு இது நன்றாக வந்து சேர்ந்தது வீஎம்வெயார் நிறுவனத்தின் மூலம். 1998 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அதனை ஆரம்பித்த ஐவரில் ஒருவர் டயான் கிரீன் என்ற பெண்மணி. இயந்திரவியலும் கப்பல் வடிவமைப்பும் படித்துவிட்டுப் பின்னர் கணனி விஞ்ஞானத்துக்கு வந்தவர் அவர். ஆரம்பம் முதல் 2008 வரை அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை அவரே வகித்தார். இத்துறை ஆண்களுக்கே உரியது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டீ. நிறுவனங்கள் தமது செயலிகளிலேயே மெய்நிகராக்கத்துக்குத் துணையான வசதியைச் சேர்த்தன. அதன்பின் சாதாரண மடிக்கணனியிலும் இது இலகுவாயிற்று. அதே 2006 இல் அமேசன் நிறுவனம் இணையத்தின் ஊடாகக் கணனிகளை வாடகைக்கு விடத் தொடங்கியது. அப்படி வாடகைக்குக் கிடைப்பவற்றில் மிகப் பல மெய்நிகர்க் கணனிகளே. மேகக் கணிமை என்று இன்று பேசப்படுவதன் அத்திவாரத்தில் இந்த வித்தை இருக்கிறது. வீட்டுக் கணனியில் இதைப் பழகும் பிள்ளை, உலகத்துப் பெரிய நிலையங்களில் நடப்பதன் சிறு உருவத்தையே பழகுகிறாள்.

முன்னால் இருக்கும் தெரிவுகள்

வேர்ச்சுவல்பொக்ஸ்: ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007 இல் வெளியிட்டது. 2008 இல் சன் நிறுவனத்திடமும், 2010 இல் சன்னை வாங்கிய ஒரக்கிளிடமும் சென்றது. இதன் அடிப்படைப் பகுதி திறந்த மூல மென்பொருள். எவரும் கட்டணமின்றி எடுத்துப் பாவிக்கலாம். வின்டோஸ், லினக்ஸ், அப்பிள் மெக் மூன்றிலும் இயங்கும். கூடவே கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பெக் என்ற இணைப்பு, சொந்தப் பாவனைக்கும் கல்விக்கும் இலவசம். வியாபார நிறுவனத்தில் பாவிப்பதற்கு உரிமம் வாங்க வேண்டும். தொடங்குபவருக்கு அந்த இணைப்புத் தேவைப்படாது.

வீஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன்: 1999 இல் வந்தது. வேகமும் உறுதியும் உள்ளது. நீண்டகாலம் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2024 மே மாதத்தில் சொந்தப் பாவனைக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டது. ஆனால் தரவிறக்கம் செய்வதற்கு முன் நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஹைப்பர்-வீ: மைக்ரோசொப்ட்டின் தயாரிப்பு. 2008 இல் சேவர் கணனிகளுக்கு வந்தது. 2012 இல் வின்டோஸ் 8 உடன் மேசைக் கணனிக்கும் வந்தது. வின்டோஸ் 11 இன் புரொபெஷனல், என்டர்பிரைஸ், எடியுகேஷன் பதிப்புகளில் இது உள்ளடங்கியே இருக்கிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. நம் வீடுகளுக்கு வாங்கும் மடிக்கணனிகளில் பெரும்பாலும் ஹோம் பதிப்பே இருப்பதால், முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கே.வீ.எம்.: 2007 இல் லினக்ஸின் கருவோடு சேர்க்கப்பட்டது. லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இது முழுக்க இலவசம். இதையே அடிப்படையாகக் கொண்டு ஒஸ்திரியாவில் உருவான புரொக்ஸ்மொக்ஸ், 2008 இல் வெளியானது. முன்னர் சொன்ன தொடர்மாடி வகையைச் சேர்ந்தது. இதற்குத் தனிக் கணனி ஒன்று வேண்டும். வீட்டாரின் கணனியில் இதை நிறுவ முற்பட்டால், வன்தட்டில் உள்ளவை அழிந்துவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

இத்துறையில் வேலை தேடுபவர்களிடம், "வீஎம்வெயார் தெரிந்தால் போதும், தொழில் நிச்சயம்" என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. அதற்கென்று பெரும் தொகை செலவிட்டுப் படித்தவர்களும் உண்டு. 2023 நவம்பரில் அந்த நிறுவனத்தைப் புரோட்கொம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை பணம் செலுத்தி நிரந்தரமாகப் பெறும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை வந்தது. 2024 பெப்ரவரியில், கற்பவர்கள் இலவசமாகப் பாவித்து வந்த ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. என்ற ஹைப்பர்வைசரும் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அது மீண்டும் இலவசமாகக் கிடைத்தது. இதற்கிடையில் செலவு தாங்காத நிறுவனங்கள் சில வேறு மென்பொருள்களுக்கு மாறத் தொடங்கின.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் முக்கியமானது. மென்பொருளின் பெயர், விலை, உரிமையாளர் எல்லாம் ஒரு வருடத்தில் மாறிவிடலாம். ஆனால் நினைவகத்தைப் பங்கிடுவது எப்படி, வலையமைப்பை இணைப்பது எப்படி, பழுதான முறைமையை மீட்பது எப்படி என்ற அறிவு எல்லா மென்பொருளுக்கும் பொதுவானது. தைக்கப் பழகிய கைக்கு எந்தக் கம்பனியின் மெஷினும் இரண்டு நாளில் பழகிவிடும். ஆகவே தொடங்கும்போது, "எதற்குச் சந்தையில் மதிப்பு அதிகம்?" என்று கேட்பதை விட, "எங்கள் வீட்டுக் கணனியில், செலவின்றி, இன்றே எதில் பழகலாம்?" என்று கேட்பதே பயன் தரும்.

எவருக்கு எது?

வின்டோஸ் உள்ள, 8 ஜி.பீ. ரெம் கொண்ட சாதாரண மடிக்கணனி என்றால் வேர்ச்சுவல்பொக்ஸ் கொண்டு தொடங்கலாம். பதிவு வேண்டியதில்லை. எல்லாவற்றையும் திரையில் அழுத்தியே செய்யலாம். தொடங்குபவர்களுக்கான விளக்கங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அது உங்கள் கணனியில் மிக மெதுவாக ஓடினால் வீஎம்வெயார் வேர்க்ஸ்டேஷனைப் பார்க்கலாம். வின்டோஸ் புரொபெஷனல் பதிப்பு இருந்து, மைக்ரோசொப்ட் முறைமைகளைப் பாவிக்கும் அலுவலகத்தில் தொழில் செய்யும் நோக்கமும் இருந்தால் ஹைப்பர்-வீ பொருத்தமானது. ஏற்கெனவே லினக்ஸ் பாவிப்பவர்களுக்குக் கே.வீ.எம். சிறந்தது. ஆறு மாதம் பழகிய பின், எவரும் தொடாத பழைய கணனி ஒன்று வீட்டில் இருந்தால், அதில் புரொக்ஸ்மொக்ஸை நிறுவிப் பார்க்கலாம். நான்கையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒன்றுடன் மற்றொன்று மோதும். எது எதனால் பழுதானது என்றும் தெரியாது.

நிறுவுவதற்கு முன்

முதலாவது, கணனியில் எவ்வளவு ரெம் இருக்கிறது என்று பாருங்கள். 8 ஜி.பீ. இருந்தால் விருந்தாளிக்கு 2 முதல் 4 வரை கொடுக்கலாம். பாதிக்கு மேல் கொடுத்தால் வீட்டுக்காரரே மூச்சுத் திணறுவார். 4 ஜி.பீ. மட்டும் உள்ள கணனியில் படங்களோடு கூடிய திரை வேண்டாம். எழுத்துத் திரை மட்டும் கொண்ட டெபியன் லினக்ஸை 1 ஜி.பீ. நினைவகத்தில் ஓட்டிப் பழகலாம்.

இரண்டாவது, வன்தட்டில் குறைந்தது 30 ஜி.பீ. இடமாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, செயலியின் மெய்நிகராக்க வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வின்டோஸில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பேர்ஃபோமன்ஸ் பகுதியில் சீ.பீ.யூ. என்பதை அழுத்தினால், வேர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லுக்கு நேரே விடை இருக்கும். எனேபிள்ட் என்றிருந்தால் நல்லது. இல்லையேல் கணனியின் பயோஸ் அமைப்புக்குள் சென்று இயக்க வேண்டும். இன்டெல் கணனிகளில் அது வீ.டீ.-எக்ஸ் என்றும், ஏ.எம்.டீ. கணனிகளில் எஸ்.வீ.எம். என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பயோஸில் வேறெதையும் தொட வேண்டாம்.

நான்காவது, இணைய டேட்டாவைக் கணக்கிடுங்கள். தொடங்குவதற்கு ஏற்ற லினக்ஸ் மின்ட்டின் எளிய பதிப்பு ஏறக்குறைய 3 ஜி.பீ. அளவானது. இரவு நேர டேட்டா உள்ள வீடுகளில் அதைப் பாவிப்பது சிக்கனம்.

வேர்ச்சுவல்பொக்ஸின் கீழ்ப் பட்டையில் சில வேளை பச்சை நிற ஆமைச் சின்னம் ஒன்று தோன்றும். வின்டோஸின் ஹைப்பர்-வீ பின்னணியில் இயங்குவதால் வேகம் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கணனி பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். வேகத்துக்காக வின்டோஸின் பாதுகாப்பு வசதிகளை நிறுத்திவிடுமாறு சிலர் ஆலோசனை சொல்வார்கள். வீட்டார் வங்கிக் கணக்குப் பார்க்கும் கணனியில் அப்படிச் செய்யாதிருப்பதே நல்லது.

முதல் மாதத்துப் பயிற்சி

முதல் வாரம் லினக்ஸ் மின்ட்டை விருந்தாளியாக நிறுவுங்கள். நிறுவும்போது, "வன்தட்டை முழுதாக அழிக்கவா?" என்று அது கேட்கும். விருந்தாளியின் ஜன்னலுக்குள் அந்தக் கேள்வி வந்தால், அழியப்போவது மெய்நிகர் வன்தட்டுத்தான். வீட்டுக் கணனி அதே நிலையில் இருக்கும். சுட்டி உள்ளே அகப்பட்டுக் கொண்டால், விசைப்பலகையின் வலப்பக்கக் கொன்ட்ரோல் விசையை அழுத்தினால் வெளியே வரும்.

இரண்டாம் வாரம் ஸ்னப்ஷொட் எடுக்கப் பழகுங்கள். அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது அது. பதிந்த பின் துணிந்து குழப்புங்கள். முறைமைக் கோப்புகளை அழியுங்கள், கடவுச்சொல்லை மாற்றி மறந்து பாருங்கள். பிறகு ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்புங்கள். எல்லாம் பழையபடி இருக்கும். பயம் தெளிவது இந்த வாரத்தில்தான். இங்கே இரண்டு எச்சரிக்கைகள்: விருந்தாளியின் பின்னணி நிறத்தை வேறாக்கி வையுங்கள், எந்தக் கணனியில் நிற்கிறோம் என்று தடுமாற்றம் வராது. பகிரப்பட்ட கோப்புறை வசதியை மூடி வையுங்கள். அது திறந்திருந்தால் உள்ளே அழிப்பது வெளியேயும் அழிந்துவிடும்.

மூன்றாம் வாரம் வலையமைப்பு. நெட் என்ற அமைப்பில் விருந்தாளி வீட்டுக்காரரின் பின்னால் மறைந்து நின்று இணையத்துக்குச் செல்லும். பிரிட்ஜ் என்ற அமைப்பில் வீட்டு ரவுட்டரிடமிருந்து தனக்கென்று ஒரு முகவரி பெறும். இரண்டையும் மாற்றி மாற்றி முகவரியைப் பார்த்து எழுதுங்கள். பின்னர் எழுத்துத் திரை மட்டும் கொண்ட இரண்டாவது விருந்தாளி ஒன்றை உருவாக்கி, அதில் இணையத்தளம் ஒன்றை வைத்து, முதலாவதில் திறந்து பாருங்கள்.

நான்காம் வாரம், செய்த விருந்தாளியை ஓ.வீ.ஏ. என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். வீஎம்வெயாரிலும் இக்கோப்பைத் திறக்க முயலலாம். கற்றது ஒரு மென்பொருளோடு கட்டுண்டதல்ல என்பது அப்போது விளங்கும்.

ஒவ்வொரு நாளும் செய்ததை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வையுங்கள். என்ன செய்தேன், என்ன பிழை வந்தது, எப்படித் தீர்த்தேன் என்ற மூன்றும் போதும். நேர்முகப் பரீட்சையில் பேசுவதற்கு இந்தக் கொப்பியே கை கொடுக்கும்.

அமானிதமும் கவனமும்

உரிமம் உடைத்த மென்பொருளைச் சிலர் பென்டிரைவில் கொடுப்பார்கள். பிறர் ஹக்கை அபகரிப்பது எமக்கு ஆகுமானதன்று. அத்துடன் அவற்றோடு வைரஸ் வருவதும் சாதாரணம். இலவசமாகவே கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. மென்பொருளை அதற்குரியவர்களின் தளத்திலிருந்தே எடுங்கள். விருந்தாளியாக வின்டோஸை நிறுவுவதற்கும் தனி உரிமம் வேண்டும். பழகுவதற்கு மட்டுமென்றால், மைக்ரோசொப்ட் 90 நாள் பரீட்சார்த்தப் பதிப்பை இலவசமாகத் தருகிறது.

ஸ்னப்ஷொட் இருக்கிறது என்று முக்கிய கோப்புகளின் பிரதியை எடுக்காமல் விடக்கூடாது. வன்தட்டே பழுதானால் ஸ்னப்ஷொட்டும் போய்விடும். பயிற்சி தொடங்கும் முன் நிகாஹ் படங்களையும் கடைக் கணக்கையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது எமக்குக் கற்பிக்கப்பட்ட வழியன்று. மின்வெட்டு வரும் நேரங்களில் விருந்தாளியை ஓடவிட்டுவிட்டு எழுந்து போகவும் வேண்டாம். திடீரென்று நின்றால் அதன் கோப்புகள் சிதையலாம்.

பெற்றோருக்கு

மகளை வகுப்பில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணனி கிடைக்குமா? அவளே நிறுவிப் பழகுவாளா, அல்லது ஆசிரியர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாளா? அங்கு பழகுவதை வீட்டிலும் இலவச மென்பொருளில் தொடர முடியுமா? திருப்தியான விடை வராவிட்டால் சல்லியைக் கையில் வைத்துக்கொண்டு, முன் சொன்ன நான்கு வாரத்தை வீட்டிலேயே முடிக்க விடுங்கள். அதன் பின்னும் ஆர்வம் குறையாதிருந்தால் எந்த வகுப்புத் தேவை என்பதை அவளே சொல்வாள்.

நான்கு வாரப் பயிற்சி எவரையும் தொழிலாளி ஆக்கிவிடாது. ஆனால் இத்துறை தனக்குப் பொருந்துமா என்பதை, பணம் செலவழிக்காமல், வீட்டை விட்டுப் போகாமல், எவருடைய கோப்பையும் இழக்காமல் அவள் அறிந்துகொள்வாள். நானாவுக்குக் கணனியைக் கழற்றிப் பூட்ட அனுமதி இருக்கும் வீட்டில், தங்கைக்கு அதனுள் ஒரு சிறு அறையைத் தடுத்துக் கொடுப்பது பெரிய காரியமல்ல. தினமும் ஒரு மணித்தியாலம், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலாவது, கணனியை அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். எமது பிள்ளைகளின் அறிவிலும் முயற்சியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.